சூழல் பாடம் எடுக்க என்ன படிச்சிருக்கணும்?

பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் இப்போ சூழல் கல்விக்கு நல்ல மவுசு. விதைப்பந்து, பறவை பார்ப்பது, மாடித்தோட்டம், பண்ணைச் சுற்றுலா என்று மாதம் ஒன்று நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனா அங்கே வந்து பேசுகிறவர் யார், எந்தத் தொழிலிலிருந்து வந்தவர், அவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பெற்றோர் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கணக்கு வாத்தியார் என்ன படிச்சிருக்கார்னு விசாரிக்கிற நீங்க, இதையும் விசாரிக்கணும் என்பது என் கட்சி.

1991இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பின்னாடி பல்கலைக்கழக மானியக் குழு, எல்லாப் பட்டப்படிப்புக்கும் சேர்த்து 6 மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. பாடம் வந்துருச்சு. எடுக்க ஆள்? எனக்குத் தெரிந்த பள்ளிகளில், யாருக்கு பீரியட் குறைவோ அவர் தலையில் அது விழுகிறது. அவரும் பாவம், புத்தகத்தை வாசித்துவிட்டு, 'மரம் வளர்ப்போம்' என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார்.

நம் நாட்டில் இந்தப் பாடத்தை நிஜமாகவே ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் என்று பாருங்கள். மா. கிருஷ்ணன் தாவரவியலும் சட்டமும் படித்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் காட்டையும் தெருவோரத்து உயிர்களையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. கானுயிர் பற்றித் தமிழில் எழுத வேண்டிய சொற்களைத் தேடிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். கோயம்புத்தூர் யோகநாதன் பஸ் கண்டக்டர். லீவு நாளில் பள்ளிப் பிள்ளைகளிடம் போய் மரம் பற்றிப் பேசுகிறவர்.

சாலிம் அலி கதை இன்னும் விசேஷம். பட்டம் இல்லை என்பதால் விலங்கியல் துறையில் அவருக்கு வேலை கிடைக்காமல் போனது. பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் இருந்தார். அதே மனிதர் 1941இல் எழுதிய பறவைப் புத்தகத்தை வைத்துத்தான் இந்தியாவில் பாதிப் பேர் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆக, இந்தத் துறைக்கு இந்தப் படிப்புதான் வேணும்னு யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் விலங்கியல் பட்டதாரி, சமூகப்பணி படித்தவர், ஐ.டி. வேலையை விட்டவர், ரிட்டயர் ஆன பேங்க் அதிகாரி என்று பலரும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கவனிங்க. அநேகமா எல்லாருமே எழுதப் படிக்கத் தெரிந்த உத்தியோகஸ்தர்கள். மண்ணிலும் தண்ணியிலும் நின்று வேலை செய்கிற ஆள் அந்த வரிசையில் எங்கே?

கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இருளர்கள் சாட்சி. பாம்புத்தோல் வியாபாரம் சட்டப்படி நின்றபோது அவர்கள் பிழைப்பும் நின்றது. 1978இல் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு காட்டில் திரும்ப விடுகிறார்கள். மாமல்லபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் அதை நேரில் பார்த்திருப்பீர்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின் தடத்தைப் படிக்க அவர்கள் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை.

எங்க பக்கம் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி உண்டு. எந்த மடையை எப்போ திறக்கணும், தண்ணி எந்தக் கல்லில் நின்றால் எத்தனை வயல் விளையும், பத்தாத வருஷத்தில் கடைமடைக்காரனுக்கு எத்தனை நாழி விடணும், கலுங்கில் தண்ணி போனால் அடுத்து எந்தக் கண்மாய் பெருகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்கிய காலம் போய், இப்போ பல ஊரில் அந்த வேலையே இல்லை. எங்க ஊர்க்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான்.

போன வருஷம் ஒரு பட்டணத்துப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் எங்க ஊருக்கு வந்தார்கள். நான் இந்தப் பெரியவரைப் பேசச் சொன்னேன். ஏற்பாடு செய்தவரிடம் ஒரு ஃபாரம். அதில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். "ஐயா என்ன படிச்சிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். "மூணாவது" என்றேன். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் பெரியவரை நகரவிடவில்லை. முடிவில் கூட வந்த பயிற்சியாளருக்குக் கவர், பெரியவருக்குப் பொன்னாடை. அன்றைக்கு அவருக்குப் போனது ஒரு நாள் கூலி.

அதுக்காக ஊர்க்காரன் சொல்றதெல்லாம் வேதம்னு நினைச்சுக்காதீங்க. சாரைப்பாம்பும் நல்லபாம்பும் இணை சேரும் என்று எங்க ஊரில் இன்னும் சத்தியம் பண்ணுவார்கள். அவை வேறு வேறு இனம். பின்னிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன என்று சொல்ல விலங்கியல் படித்தவர்தான் வேண்டும். என் போர்வெல் தண்ணியில் உரத்தின் நைட்ரேட் எவ்வளவு கலந்திருக்கு என்பதும் என் நாக்குக்குத் தெரியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் தெரியும்.

அதனால் நான் கேட்பது, படித்தவரை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்பதல்ல. இரண்டு பேரும் ஒண்ணா நிக்கட்டும். ஒருவர் கண்மாயைக் காட்டட்டும், இன்னொருவர் அதில் சந்தேகம் கேட்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும். இரண்டு பேர் பெயரும் அழைப்பிதழில் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் ஒரே தொகை. இந்தத் துறையில் வருமானம் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு சம்பளம் இருக்கிறவர்தான் பல வருஷம் தாக்குப்பிடிக்கிறார். அதுவும் மாறணும்னா கட்டணம் கட்டுகிற நீங்கதான் வாய் திறக்கணும்.

அடுத்த தடவை பள்ளியிலிருந்து 'இயற்கைச் சுற்றுலா' என்று சீட்டு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னே இரண்டு கேள்வி கேளுங்க: அந்த ஊர்க்காரர் யாராவது பேசுகிறாரா? அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பொன்னாடை என்று பதில் வந்தால், விடாதீங்க.