மெத்தை வீடு இல்லாதவனுக்கு வெயில் அடிக்கலையா?



வீட்டு மேல சோலார் போட்டா மானியம் என்று ஊர் ஊராக ஆள் வருகிறார்கள். மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மொத்தம் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியந்தான், வேண்டாம்னு நாம சொல்லல. ஆனா முதல் நிபந்தனையே சொந்த வீடும் பேனல் வைக்கத் தோதான கூரையும்.

நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கு? ஓட்டு வீடு, அட்டை வீடு, ஓலைச் சாளை, வாடகைக்கு ஒண்டியிருக்கிற வீடு. பாகம் பிரிக்காத வீட்டுக்குப் பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்குது. கூலிக்குப் போற ஜனத்தைச் சொல்லவே வேண்டாம். மெத்தை வீட்டுக்காரருக்கு 78,000, ஓட்டு வீட்டுக்காரருக்குப் பூஜ்யம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி மட்டும் ரெண்டு பேரும்தான் கட்டுறோம்.

கூரை இல்லாட்டிப் போகுது, ஊருக்குப் பொது இடம் இருக்கு. கணக்குப் பாருங்க. ஒரு கிலோவாட் பேனல் நம்ம வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். ஒரு மெகாவாட்டுக்கு 4, 5 ஏக்கர் தேவை. அப்படியானால் 100 குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோவாட் போட அரை ஏக்கர் போதும். பேனல் ஒரே இடத்தில் இருக்கும், பங்கு 100 பேருக்கும் உண்டு. விளைகிற யூனிட்டைப் பங்குப்படி அவரவர் பில்லில் கழிக்க வேண்டியது. இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்குச் சுமார் 240 யூனிட். டெல்லியில் 2019-லேயே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது.

மேய்ச்சலுக்கு இடம் போயிருமேன்னு ஆடு வச்சிருக்கிறவங்க சங்கக் கூட்டத்துல சண்டைக்கே வந்தாங்க. நியாயம்தான். மேய்ச்சல் புறம்போக்கில் கை வைக்கக் கூடாது என்றே முடிவு செய்தோம்.

நாமளாவது, கரண்ட் விக்கிறதாவது என்று சிரிக்கிறவர்கள் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பஞ்சாயத்து 2006-ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டது. ஊர்த் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு ஆரம்பித்து, சோலார் பம்பு ஓட்டினது போக மிஞ்சின கரண்டை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்றார்கள். அவங்களும் நம்மளை மாதிரி சம்சாரிங்கதான்.

கமுதியிலும் 2016-ல் 648 மெகாவாட் சோலார் வந்தது, சுமார் 2,500 ஏக்கரில். பேனல் கம்பெனிக்குச் சொந்தம். அது மாதிரி குத்தகைப் பத்திரத்தோடு புரோக்கர் வந்தால் சங்கத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் கறாராகச் சொல்கிறோம். சோலாரைச் சாக்காக வைத்து பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தில் கை வைத்தால் விட மாட்டோம். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரை விட்டார்கள். அந்த ரத்தத்தில் தொடங்கிய போராட்டத்தில் வாங்கின உரிமை அது.

நாம் கேட்பது: கூரை உள்ளவருக்குக் கொடுக்கிற அதே மானியத்தை, கூரை இல்லாதவர்கள் சேர்ந்து போடும் பொது சோலாருக்கும் கொடு. மிஞ்சுகிற யூனிட்டுக்குக் காசு கொடு. பங்கில் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் பெண்கள் பெயருக்கும் முதலிடம் கொடு.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட வைக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாருங்கள். வரும்போது கரண்ட் பில் அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க, இணைப்பு எண் எழுதி மனுவோட சேர்க்கணும்.