பத்துத் தாள்களுக்கு ஒரு மார்ச் மாதம் போதாது

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்பவர் சிறிது நேரத்திலேயே மாநில எல்லையைக் கடந்துவிடுவார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லை வந்தது என்பதற்காக உறவு அறுந்துபோகவில்லை. கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில், அண்ணன் பிள்ளை அங்கும் தங்கை பிள்ளை இங்கும் ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்பு எழுதுவது புதுமையன்று. இரண்டு தேர்வுக்கும் பெயர் எஸ்.எஸ்.எல்.சி. என்பதே. ஆயினும், இரண்டும் ஒரே தேர்வு அல்ல.

தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். மொத்தம் 500 மதிப்பெண். கேரளத்திலோ பத்துத் தாள்கள்: முதல் மொழி இரண்டு, ஆங்கிலம், இந்தி, சமூக அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், தகவல் தொழில்நுட்பம். ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல் மூன்றும் நூறு நூறு, ஏனைய ஏழும் ஐம்பது ஐம்பது, ஆக 650. அங்கே அறிவியல் ஒரு தாள். இங்கே அது மூன்று தாள். மூன்றுக்கும் தனித்தனி வினாத்தாள், தனித்தனி நேரம், தனித்தனித் தரநிலை.

எல்லையைத் தாண்டி வழிகாட்டி நூல்கள் வருகின்றன. உறவினர் வீட்டுப் பிள்ளை முன்னேறிய கதை வருகிறது. அதனோடு அந்தப் பிள்ளையின் கால அட்டவணையும் வந்துவிடுகிறது. ‘ஒரு நாளுக்கு ஒரு பாடம், ஐந்து நாளில் ஐந்தும் முடிந்தது, சனி, ஞாயிறு திருப்புதல்’ என்பது அதன் சாரம். ஐந்து பாடத்திற்கு அது நல்ல அட்டவணையே. பத்துத் தாளுக்கு அதைப் பொருத்தினால் நடப்பது ஒன்றுதான்: பெரிய பாடங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இந்தியும் வேதியியலும் முதல் மொழியின் இரண்டாம் தாளும் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பட்டியலுக்குப் போய்விடுகின்றன. அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் மார்ச் மாதமாக இருக்கிறது. கேரளத்துப் பத்தாம் வகுப்புத் திட்டத்தின் முதல் விதி ‘எந்தத் தாளும் எந்த வாரமும் விடுபடக் கூடாது’ என்பதாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

தரநிலையின் கணக்கு

இந்தக் கருத்துக்கு முதற் காரணம் மதிப்பீட்டு முறையிலேயே இருக்கிறது. கேரளத்துச் சான்றிதழில் மதிப்பெண்ணைவிடக் கிரேடு எனப்படும் தரநிலையே பேசுகிறது. 90 விழுக்காடும் அதற்கு மேலும் ஏ பிளஸ். 80 முதல் 89 வரை ஏ. 70 முதல் பி பிளஸ். 60 முதல் பி. 50 முதல் சி பிளஸ். 40 முதல் சி. 30 முதல் டி பிளஸ். மேற்படிப்புக்குத் தகுதி பெற ஒவ்வொரு பாடத்திலும் டி பிளஸ்ஸாவது வேண்டும். பிளஸ் ஒன் சேர்க்கையில் ஏ பிளஸ்ஸுக்கு 9 புள்ளி, ஏ-க்கு 8 என இறங்கி டி பிளஸ்ஸுக்கு 3 புள்ளி வரை கணக்கிடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் பிரிவுக்குரிய பாடங்களுக்குக் கூடுதல் எடை உண்டு என்றாலும், அடிப்படைக் கணக்கில் எல்லாப் பாடங்களின் புள்ளிகளும் சேர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவி கணிதத்தில் 82 வாங்குகிறாள். கூடுதல் நேரம் முழுவதையும் கணிதத்திற்கே கொடுத்து 88 ஆக்குகிறாள். கிரேடு ஏ-தான்; புள்ளி எட்டுதான். அதே நேரத்தின் ஒரு பகுதியை இந்திக்குக் கொடுத்து, 50-க்கு 28 என்றிருந்ததை 36 ஆக்கியிருந்தால் சி பிளஸ் பி பிளஸ்ஸாகியிருக்கும். 5 புள்ளி 7 ஆகியிருக்கும். வலுவான பாடத்தில் ஆறு மதிப்பெண் ஏறியும் கிடைக்காதது, பின்தங்கிய பாடத்தில் எட்டு மதிப்பெண்ணில் கிடைக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த பாடத்தை மேலும் மேலும் படிப்பது மனத்துக்கு இதம்தான். ஆனால் பத்தில் ஒன்றைக்கூட ஒதுக்க இந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. பழைய முறையில் தொடர் மதிப்பீட்டையும் எழுத்துத் தேர்வையும் கூட்டி 30 விழுக்காடு வந்தால் போதும். நூறு மதிப்பெண் தாளில் பள்ளியின் தொடர் மதிப்பீட்டில் இருபதுக்கு இருபதும் பெற்ற மாணவன், எழுத்துத் தேர்வில் எண்பதுக்குப் பத்து வாங்கினாலே தேறிவிடுவான். அந்த வழி அடைபட்டு வருகிறது. எழுத்துத் தேர்வில் மட்டுமே 30 விழுக்காடு வேண்டும் என்னும் விதியைக் கேரள அரசு 2024–25-இல் எட்டாம் வகுப்பில் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2026–27-இல் அது பத்தாம் வகுப்புக்கு வரும் என்பது அறிவிப்பு. எண்பதுக்கு 24, நாற்பதுக்கு 12. பெரிய எண்கள் அல்ல. ஆனால் ஒன்பது தாளில் சிறந்து ஒரு தாளை ஒதுக்கிய பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு மதிப்பெண் பெரும் சுவராக நிற்கும்.

மறதியும் இடைவெளியும்

கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படிப்பதால் என்ன நடக்கிறது என்பதை ஒருவர் தம்மீதே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தது என்று அளந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாளில் பகிர்ந்து 38 முறை சொன்னாலே பெற முடிந்தது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. உழைப்பு ஏறத்தாழப் பாதி, பயன் அதேதான்.

இதை நம் பகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே வெள்ளறடை, ஆறுகாணிப் பக்கம் ரப்பர் மரம் வெட்டுபவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பட்டையை மெல்லச் சீவுகிறார்கள். பால் மீண்டும் ஊற மரத்திற்கு இடைவெளி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் வழியலாம், மரம் கெட்டுப்போகும்.

படிக்கும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்து, மூன்று தடவை புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முன்னிலை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவுக்கு 40 விழுக்காடும், எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 விழுக்காடும் நினைவிருந்தன. ‘படித்தேன், தெரிந்தது, தேர்வில் மறந்துவிட்டது’ என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. படித்த அன்று அதற்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது.

தொடர் வைப்பு போல

வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். மாதத் தவணை ஒரே தொகைதான் என்றாலும், ஒவ்வொரு தவணையும் ஈட்டும் வட்டி ஒன்றாக இருப்பதில்லை. முதல் மாதம் கட்டிய தவணைக்கே அதிகக் காலம். ஆகவே அதிக வட்டி. கடைசி மாதத் தவணைக்குக் கிடைப்பது ஒரு மாத வட்டியே.

கேரளத்துப் பள்ளியாண்டும் அப்படித்தான். ஜூனில் படித்த பாடத்திற்கு ஓணத் தேர்வு, கிறிஸ்துமஸ் தேர்வு, பிப்ரவரியில் மாதிரித் தேர்வு என மூன்று முறை நினைவுகூரும் வாய்ப்பு வருகிறது. மூன்று முறை வட்டி வரவு வைக்கப்படுகிறது. பிப்ரவரியில் முதன்முதலாகப் படித்த பாடத்திற்கு அந்த வாய்ப்பு ஒன்றுகூட முழுமையாக இல்லை. ஓணத் தேர்வையும் கிறிஸ்துமஸ் தேர்வையும் ‘இது வெறும் பள்ளித் தேர்வு’ என்று தள்ளிவிடும் பிள்ளை, வட்டியை வேண்டாம் என்று சொல்கிறது.

ஒரு வாரத்தின் அளவு

ஜூன் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி இறுதி வரை 39 வாரங்கள். விடுமுறைகளையும் பள்ளித் தேர்வு நாட்களையும் கழித்தால் 32 வாரம் கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் சனி வரை நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் கொண்ட மூன்று அமர்வுகள், வாரத்திற்குப் பதினெட்டு. அதாவது பன்னிரண்டு மணி நேரம். வீட்டு வேலையில் கைகொடுக்கும் பிள்ளைக்கும், ஒரே அறையில் நால்வர் வாழும் வீட்டுப் பிள்ளைக்கும் இது எட்டக்கூடிய அளவே.

பதினெட்டையும் இப்படிப் பகிரலாம்: கணிதம் 4, சமூக அறிவியல் 3, ஆங்கிலம் 2, இயற்பியல் 2, வேதியியல் 2, உயிரியல் 2, முதல் மொழித் தாள் இரண்டுக்கும் ஒவ்வொன்று, இந்தி 1. தகவல் தொழில்நுட்பம் கணினியில் செய்து பழக வேண்டிய பாடம். செய்முறைத் தேர்வு மார்ச்சுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே அதைப் பள்ளிக் கணினிக்கூடத்து நேரத்திலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. எந்தப் பாடம் பிள்ளைக்குக் கடினமோ, அதற்கு வலுவான பாடத்திலிருந்து ஓர் அமர்வை மாற்றிக் கொடுக்கலாம். கடினமான பாடம் மாலையின் முதல் அமர்வில் வரட்டும். தூக்கம் வரும் மூன்றாவது அமர்வில் வேண்டாம்.

இந்திக்கு வாரம் ஒரே அமர்வா என்று தோன்றும். 32 வாரத்தில் அது 21 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. மார்ச் மாதத்தில் இந்திக்கு மட்டும் 21 மணி நேரம் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் வேண்டாம். ஒரு பழைய வினாத்தாள் போதும். 40 மதிப்பெண் தாளுக்கு ஒன்றரை மணி நேரம், 80 மதிப்பெண் தாளுக்கு இரண்டரை மணி நேரம். அதற்கு முன் வினாக்களைப் படித்துப் பார்க்கக் கால் மணி நேரம். கடிகாரத்தை வைத்து, புத்தகத்தை மூடி எழுத வேண்டும். கால் மணி நேரத்தில் எந்த வினாவை முதலில் எழுதுவது என்று முடிவு செய்வதும் பழகிப் பெற வேண்டிய திறமையே.

தவறப்போகும் திட்டம்

எந்தத் திட்டமும் தவறும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. வளர்ந்த மாணவர்களே இப்படி என்றால் பதினைந்து வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல இயலாது. மழை விடுமுறை வரும், காய்ச்சல் வரும், கோயில் திருவிழாவும் தேவாலயத் திருநாளும் வரும். ஆகவே நான்கு வாரத்திற்கு ஒரு வாரத்தைப் புதிய பாடம் இல்லாமல் விடுபட்டதை முடிக்கவென்றே ஒதுக்கிவிட வேண்டும். அந்த இடம் இல்லாத அட்டவணை ஜூலையிலேயே சுவரிலிருந்து கழற்றப்படும்.

‘என் பிள்ளை கடைசி மாதத்தில் படித்தே முழு ஏ பிளஸ் வாங்கினான்’ என்று சொல்பவர்கள் உண்டு. அத்தகைய பிள்ளை வகுப்பில் ஆண்டு முழுவதும் கவனித்திருப்பான். மார்ச்சில் செய்தது திருப்புதலாக இருந்திருக்கும். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியுமாக நான்கு மொழிகளுக்கு நடுவே வளரும் எல்லைப்பகுதிப் பிள்ளைக்கு அந்தக் கதையை அளவுகோலாக்குவது நியாயமன்று.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. நாட்காட்டிக்குப் பக்கத்தில் பத்துக் கட்டங்கள் போட்ட ஒரு தாளை ஒட்டுங்கள். படித்த பாடத்திற்குப் பிள்ளையே குறியிடட்டும். ‘எத்தனை மணி நேரம் படித்தாய்?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஞாயிறு மாலை ‘இந்த வாரம் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். காலியான கட்டம் இருந்தால் திட்ட வேண்டாம். அடுத்த வாரத்தின் முதல் அமர்வை அதற்குக் கொடுங்கள். ஜூனில் தொடங்கத் தவறியவர்கள் ஓணம் முடிந்து தொடங்கலாம். தவணை குறைவுதான், ஆனால் கணக்கு அன்றைக்கே திறந்துவிடும்.