ஓரம் நன்றெனில் போர்வை நன்று



சென்ற மாதம் வந்த மடல்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்துவிட்டது. கணவரை இழந்து, இத்தாக் காலம் முடிந்ததும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த சகோதரி ஒருவர் எழுதியது அது. துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, குழந்தைகளுக்கான சிறு ஒட்டுப்போர்வைகளைத் தைத்துக் கடை ஒன்றிற்குக் கொடுத்து வருகிறார். பத்துப் போர்வைகள் கொடுத்ததில் நான்கு திரும்பி வந்துவிட்டன. மேற்புற வேலையில் ஒரு குறையும் இல்லை. உள்ளிருக்கும் பஞ்சும் நகரவில்லை. ஓரத்தைச் சுற்றித் தைத்த பட்டிதான் முதற் சலவையிலேயே சுருங்கியும் பிரிந்தும் போயிருக்கிறது.

"முன்பெல்லாம் பட்டியின் ஒருபுறத்தை எந்திரத்தில் பொருத்திவிட்டு, மறுபுறத்தைக் கையால் தைத்து முடிப்பேன். இப்போது கண்பார்வை ஒத்துழைக்கவில்லை. ஆகவே இரண்டு புறத்தையும் எந்திரத்திலேயே தைத்தேன். ஒன்றேகால் அங்குலப் பட்டியைக் குறுக்கு வாட்டில் வெட்டி, மூலையில் தொடங்கி மூலையில் முடித்தேன். எங்கே தவறினேன் என்று விளங்கவில்லை. கை வேலையை விட்டு எந்திரத்தை நாடியதுதான் தவறோ?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, சகோதரி. எந்திரத்தை நாடியதில் தவறே இல்லை. முறையாகச் செய்தால் எந்திரத் தையல் கைத்தையலைக் காட்டிலும் சலவையைத் தாங்கும். தவறு நேர்ந்தது பட்டியை வெட்டிய விதத்திலும், தொடங்கிய இடத்திலும்தான். ஒட்டுப்போர்வை முதலில் நைந்து போவது அதன் ஓரத்தில்தான். கை பற்றி இழுப்பதும், தரையில் உராய்வதும், துவைக்கும் கல்லில் படுவதும் ஓரமே. ஆகையால் போர்வையின் ஆயுளை அதன் ஓரப்பட்டியே தீர்மானிக்கிறது.

இதில் வேறோர் அச்சமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், என் தங்கை மகளின் தலைப்பிள்ளைக்கு நாற்பதாம் நாளன்று ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். அவசரத்தில் மூலையை ஒழுங்காக முடிக்கவில்லை. இரண்டாம் சலவையில் அங்கிருந்து ஒரு நூலிழை நீண்டு, குழந்தையின் கால் சுண்டுவிரலைச் சுற்றிக் கொண்டது. குழந்தை ஏன் அழுகிறது என்று எவருக்கும் புரியவில்லை. அதன் வாப்பும்மா கண்டு நூலை அறுத்தெடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், விரலில் சிவந்த தழும்போடு போயிற்று. இறுகிய இழை சற்று நேரம் நீடித்திருந்தால் இரத்த ஓட்டமே தடைப்பட்டிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, நான் வெட்கித் தலைகுனிந்தேன். அன்று முதல், ஓரத்தை முடிக்காமல் எந்தப் போர்வையையும் என் கையிலிருந்து விடுவதில்லை.

இனி முறையைக் காண்போம்.

துணியும் பட்டியும்

பட்டிக்குப் பருத்திப் பாப்ளினே ஏற்றது. வழுக்கும் துணிகளைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கிய துணியை முதல் நாளிரவே நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி செய்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிறமாயின், ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், நீர் தெளியும்வரை மீண்டும் அலசுங்கள்.

கழுத்து, கை வளைவுகளுக்குக் குறுக்கு வாட்டில் வெட்டிய கிராஸ் பட்டியை வைப்பது நமது வழக்கம். அது உறுதியானதுதான், வளைந்த ஓரத்திற்கு இன்றியமையாததும்கூட. ஆனால், இழுத்தால் நீளும் குணமுடையது. நேரான ஓரத்தில் வைக்கும்போது, அறியாமலேயே சற்று இழுத்துத் தைத்துவிடுவோம். தைத்து முடிந்ததும் அது தன் நிலைக்குத் திரும்ப முயன்று போர்வையையும் சுருக்கிவிடும். மடல் எழுதிய சகோதரிக்கு நேர்ந்தது இதுவே. நான்கு புறமும் நேராக உள்ள போர்வைக்கு, நேர் வாட்டில் வெட்டிய பட்டியே போதும்.

அகலம் 2½ அங்குலம் இருக்கட்டும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி செய்தால் 1¼ அங்குல இரட்டைப் பட்டி கிடைக்கும். ஓரத்தில் துணி இரண்டு மடங்காக நிற்பதால் விரைவில் நைந்து போகாது. ஒற்றைப் பட்டியில் இந்த உறுதி கிடையாது.

நீளத்தைக் கணக்கிடுவது எளிது. 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் கொண்ட போர்வையின் சுற்றளவு 162 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் 12 அங்குலம் கூட்டினால் 174. முப்பத்தாறு அங்குலப் பன்னா உள்ள துணியில் ஆறு பட்டிகள் வெட்ட வேண்டும்; அரை மீட்டர் வாங்கினால் தாராளமாகப் போதும்.

பட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது நேராக இணைக்காதீர்கள். இரண்டு பட்டிகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க, ஒன்றன்மேல் ஒன்றைச் செங்கோணமாக வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகத் தையுங்கள். கால் அங்குலம் விட்டு மிகுதியை வெட்டி, தையலை இருபுறமும் பிரித்து இஸ்திரி செய்யுங்கள். இணைப்பு சாய்வாக இருந்தால் அதன் தடிப்பு ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும், ஊசியும் தடுமாறாது.

எந்திரத்தைப் பக்குவப்படுத்தல்

இரண்டு துணிகளுக்கும் இடையே பஞ்சு, அதன்மேல் மடித்த பட்டி என்று பல அடுக்குகளை ஊசி துளைக்க வேண்டும். 16ஆம் எண் புதிய ஊசியைப் பொருத்துங்கள். ரவிக்கை தைக்கும் பொடித்தையல் இதற்கு ஆகாது. அங்குலத்திற்கு எட்டு அல்லது ஒன்பது தையல் விழுமாறு வையுங்கள். துணியை அழுத்தும் பாதத்தின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். எந்திரத்தின் பற்கள் அடித்துணியை முன்னே தள்ள, பாதம் மேலேயுள்ள பட்டியைப் பின்னுக்கு நிறுத்துவதாலேயே கொசுவம் விழுகிறது. அழுத்தம் குறைந்தால் இரண்டும் ஒன்றாக நகரும்.

போர்வையின் பாரம் தொங்கினாலும் தையல் கோணும். எந்திரத்தின் இடப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டுப் போர்வையை அதன்மேல் தாங்கவிடுங்கள்.

முதல் தையல் பின்புறத்தில்

பட்டியை வைக்குமுன், நீண்ட அளவுகோலின் துணையோடு போர்வையின் நான்கு ஓரங்களையும் நேராக வெட்டி, ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலத்தில் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அடுக்குகள் பிரியாமல் நிற்கும்.

கையால் முடிப்பவர்கள் பட்டியை முதலில் போர்வையின் முன்புறத்தில் தைப்பார்கள். எந்திரத்தால் முடிப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, முதலில் பின்புறத்தில் தைக்க வேண்டும். அப்போதுதான் முடிவாக விழும் தையல் நம் கண்ணெதிரே முன்புறத்தில் விழும். அதை நேராகச் செலுத்தவும் முடியும்.

மூலையில் ஒருபோதும் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்தின் நடுவில், பட்டியின் முனையில் எட்டு அங்குலத்தைத் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். பட்டியின் பிரிந்த விளிம்பும் போர்வையின் விளிம்பும் ஒன்றாக நிற்க, காலே அரைக்கால் அங்குலம், அதாவது 3/8 அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துச் செல்லுங்கள். ஊசித்தட்டின்மீது அந்த அளவில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிக்கொண்டால், ஊசியைப் பாராமல் அந்த அடையாளத்தைப் பார்த்தே தைக்கலாம்.

மூலை நெருங்கும்போது, முனைக்கு 3/8 அங்குலம் இருக்கையில் நிறுத்தி, இரண்டு தையல் பின்னே ஓட்டி, நூலை வெட்டிவிடுங்கள். போர்வையைத் திருப்பிக் கொள்ளுங்கள். பட்டியை முதலில் மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த ஓரத்தின் வழியே நேராகக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு, முடித்த ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். விளிம்பின் உச்சியிலிருந்து மீண்டும் தைக்கத் தொடங்குங்கள். மூலைத் துணியை வெட்டிக் குறைக்காதீர்கள். அந்த மடிப்புதான் பின்னர் கூர்மூலையாக அமையும்.

மூலைக்கு மதிப்பளிப்போர் நம் அண்டை மாநிலத்திலும் உளர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் பலர். அவ்வினப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் போர்வையைக் கையாலேயே தைக்கிறார்கள். தனிப் பட்டி கிடையாது. ஓரத்தை மடித்துத் தைத்து அங்கிருந்தே வேலையைத் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் பூவெனப் பதித்த பிறகே போர்வை முழுமை பெற்றதாகக் கொள்வார்கள். நாம் கடைசியில் அவசரமாக முடிக்கும் ஓரத்தை அவர்கள் முதலிலேயே கவனித்து விடுகிறார்கள்!

முனைகளை இணைத்தல்

தொடங்கிய இடத்திற்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். போர்வையைச் சமமாகப் பரப்பி, இரு முனைகளையும் ஓரத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்துங்கள். ஒன்று மற்றொன்றின்மீது சரியாக 2½ அங்குலம், அதாவது பட்டியின் விரித்த அகலம் எவ்வளவோ அவ்வளவே ஏறி நிற்குமாறு மிகுதியை வெட்டுங்கள். இரண்டு முனைகளையும் விரித்து, முன்சொன்னபடி செங்கோணமாக வைத்துச் சாய்வாகத் தையுங்கள். மூலைத் துணியை வெட்டுமுன், பட்டி முறுக்கிக் கொள்ளாமல் ஓரத்தில் படிகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பிறகு மீண்டும் மடித்து, எஞ்சிய இடைவெளியைத் தைத்துவிடுங்கள். முடிச்சும் புடைப்பும் தெரியாது. ஒரு முனையை மற்றொன்றுக்குள் செருகி முடிப்பது எளிதாயினும், அவ்விடமே முதலில் வாய் திறக்கும்.

முன்புறத் தையல்

பட்டியை வெளிப்புறமாகத் தள்ளி இஸ்திரி செய்து, முன்புறத்திற்குத் திருப்புங்கள். பட்டியின் மடிப்பு, முதல் தையல் விழுந்த கோட்டை ஒரு நூலிழை கடந்து நிற்க வேண்டும். இரண்டு அங்குலத்திற்கு ஒரு குண்டூசி குத்துங்கள். கண் தெளிவில்லாதவர்கள் நிறமான நூலால் பெரிய கச்சாத் தையல் ஓட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, பின்னர் உருவிவிடலாம். மூலையில் பின்புற மடிப்பு ஒரு திசையில் கிடந்தால், முன்புற மடிப்பை எதிர்த்திசையில் வையுங்கள். தடிப்பு பகிர்ந்து போகும்.

மேல்நூல் பட்டியின் நிறத்திலும், பாபின் நூல் அடித்துணியின் நிறத்திலும் இருக்கட்டும். மடிப்பின் விளிம்பிலிருந்து 1/16 அங்குலம் உள்ளே, நிதானமாகத் தைத்துச் செல்லுங்கள். மூலையை அடைந்ததும் ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, போர்வையைத் திருப்பித் தொடருங்கள். பாதத்தின் முன்னே பட்டி புடைத்தால், கையால் இழுக்காமல் ஒரு கோணூசியின் முனையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். போர்வையைப் பின்னாலிருந்து இழுத்தால் தையலும் கோணும், ஊசியும் முறியும்.

முடித்ததும் நூல்முனைகளைப் பட்டிக்குள் செலுத்தி மறைத்து வெட்டுங்கள். குண்டூசிகளைக் குத்தும்போது எண்ணிக் கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். எண்பது குத்தியிருந்தால் எண்பதும் டப்பாவிற்குத் திரும்பாமல் போர்வை வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது.

வாங்குவோரிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது பஞ்சுப் போர்வையைப் போர்த்துவதும், தொட்டிலில் வைப்பதும் மூச்சுக்குத் தடையாகக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். விழித்திருக்கையில், நம் கண்பார்வையில், தரையில் விரித்துக் கிடத்தவே அது ஏற்றது.

சகோதரியின் நான்கு போர்வைகள்

திரும்பி வந்தவற்றை வீணென்று ஒதுக்காதீர்கள். பழைய பட்டியைப் பிரித்தெடுத்து, நைந்த விளிம்பில் அரை அங்குலத்தை நேராக வெட்டி நீக்கிவிட்டுப் புதுப் பட்டி வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் குறைவதால் போர்வைக்குக் கேடில்லை. முதலாவதை நீங்களே இருமுறை துவைத்துப் பாருங்கள். அது தாங்கினால் மற்ற மூன்றையும் அவ்வாறே முடித்துக் கடைக்காரரிடம் மனத்துணிவோடு கொடுங்கள். அளவு குறைந்ததையும் சொல்லிவிடுங்கள்.

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நம் பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுவோரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்த செய்தியை நாம் அறிவோம். எந்திரத்தால் முடித்த ஓரம் குறைந்த வேலையன்று. பட்டிக்குள் பிரிந்த துணியை மறைத்து, மேலே அழகு காட்டுவதே குறைந்த வேலை. கையால் தைத்தாலும் எந்திரத்தால் தைத்தாலும் மடிப்புக்குள் இருப்பது, மேலே தெரிவதைப் போன்றே செம்மையாக இருக்கட்டும்.

அந்தச் சகோதரியின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், வளைந்த ஓரங்களுக்குக் கிராஸ் பட்டி வெட்டும் முறையைக் காண்போம். வஸ்ஸலாம்.