“இவர்களுக்கு இப்படித்தான்” என்னும் சொல்

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர், நாற்பது வயதைக் கடந்தபின், நாள்தோறும் தாமே போட்டுக்கொண்ட சட்டைப் பொத்தானில் தடுமாறத் தொடங்கினால், “இவர்களுக்கு இப்படித்தான்” என்று பலர் கூறிவிடுகின்றனர். அச்சொல் பொருந்தாதது என்பதே எங்கள் கருத்து.

ஒவ்வொரு குரோமோசோமும் நம் உயிரணுக்களில் இரண்டிரண்டாக அமைந்துள்ளது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1959இல் இதனை வெளியிட்டனர். அதிலுள்ள மரபணுக்கள் பழுதுபட்டவை அல்ல. அவற்றின் செயல் அளவை மிஞ்சுகிறது. உப்பு நல்லதே; ஒன்றரைப் பங்கு விழுந்தால் குழம்பின் சுவை மாறிவிடுகிறது. பெற்றோர் செய்த எதனாலும் இது நேர்வதன்று.

அக்குரோமோசோமில் ஏ.பி.பி. என்னும் மரபணுவும் உள்ளது. அது ஆக்கும் புரதத்திலிருந்து அமிலாய்டு என்னும் துணுக்குகள் பிரிகின்றன. அவை மிகுந்து மூளையில் படிவது அல்சைமர் நோயின் அடையாளம். டவுன் சிண்ட்ரோம் இல்லாமலே இம்மரபணு மட்டும் கூடுதலாக அமைந்த சில குடும்பங்களில் இளவயதிலேயே அல்சைமர் தோன்றியிருப்பது, மிகுதியே காரணம் என்பதற்குச் சான்று.

நாற்பது வயதளவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஏறத்தாழ அனைவரது மூளையிலும் இப்படிவுகள் காணப்படுகின்றன. ஆயினும் படிவு வேறு, மறதிநோய் வேறு. அறிகுறிகள் பெரும்பாலும் ஐம்பதுகளில்தான் வெளிப்படுகின்றன.

எனவே ஒவ்வொரு தடுமாற்றத்தையும் அல்சைமர் என்று அஞ்சுவதும் தவறு. இயல்பென்று ஒதுக்குவதும் தவறு. தைராய்டு குறைபாடு, கண்புரை, செவித்திறன் குறைவு, உறக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகிய யாவும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களிடம் காணப்படுபவை; மறதிநோய் போலவே தோன்றக்கூடியவை; மருத்துவத்துக்கு இணங்குபவை. “இப்படித்தான்” என்னும் ஒரு சொல், தீரக்கூடிய நோயையும் தீராமல் வைத்துவிடுகிறது.

இல்லத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இரண்டு. அவர் நலமாக இருக்கும் இந்நாளிலேயே, துணையின்றிச் செய்யும் பணிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவர் நேற்று என்ன செய்தார் என்பது தெரிந்தால்தான் இன்று எதை இழந்தார் என்பது மருத்துவருக்கு விளங்கும். நாற்பது வயது முதல் ஆண்டுக்கொருமுறை நினைவாற்றலையும் அன்றாடச் செயல்களையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

கூடுதல் குரோமோசோமை நீக்கும் மருந்து இன்றில்லை. ஆனால் அவரிடம் நேர்ந்த மாற்றத்தை முதலில் காணும் கண்கள் உங்களுடையவை. நீங்கள் கண்டதைத் தயங்காது கூறுங்கள். அதனைச் செவிமடுப்பது மருத்துவரின் கடமை.