சராசரியில் மறையும் சூரியநெல்லி

2024 டிசம்பர் 4 அன்று, நாடெங்கும் 781 மாவட்டங்களில் 3, 6, 9 ஆம் வகுப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 21 இலட்சம் மாணவர்கள் ‘பரக்’ தேசிய அடைவுத் தேர்வை எழுதினர். முடிவுகள் வெளியானதும் மாநிலங்கள் வரிசைப்படுத்தப்பட்டன. கேரளம் முன்வரிசையில் நின்றது. மகிழ்ச்சியே. ஆனால், இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானலை அடுத்த சூரியநெல்லியில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளியின் குழந்தை அந்தச் சராசரியில் எங்கே இருக்கிறது?

இது மாதிரி ஆய்வுதான், எக்குழந்தையும் இதனால் தோற்பதில்லை என்கின்றனர். ஆய்வே வேண்டாம் என்று நாமும் கூறவில்லை. ஆனால் ஆய்வு பந்தயமாகும்போது, எட்டு வயதுக் குழந்தையின் வகுப்பறையில் கதையும் பாட்டும் குறைந்து மாதிரி வினாத்தாள் மிகுகிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கப் பழகுவதே கல்வி என்றாகிறது. தாய் பறித்த கொழுந்தின் எடைக்குரிய கூலியை லயத்து வாசலில் மனக்கணக்காய்ச் சொல்லும் சிறுமியின் அறிவு அந்தக் கட்டங்களில் அடங்குமா? காட்டு யானைக்கு அஞ்சிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாள்களை எந்தத் தரவரிசை கணக்கில் கொள்ளும்?

இதைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தின் வழியே வருகிறது. எட்டாம் வகுப்புவரை எவரையும் தேக்கி வைக்கலாகாது என்றது 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2019 இல் பாஜக அரசு அதைத் திருத்தியது. 2024 டிசம்பரில் விதிகளையும் வெளியிட்டது. 5, 8 ஆம் வகுப்புகளில் தேறாதோருக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தேறாவிடில் மீண்டும் அதே வகுப்பு. முடிவெடுப்பது மாநிலங்களின் பொறுப்பு எனினும், அடைத்திருந்த கதவு திறக்கப்பட்டுவிட்டது. பத்து வயதில் தோற்றவனுக்கு நகரத்தில் தனிப்பயிற்சி காத்திருக்கும். தோட்டத்தில் காத்திருப்பது கொழுந்துக் கூடைதான். படிப்பை இழந்த மலிவான கைகள் யாருக்குத் தேவை என்பதைத் தொழிலாளி வர்க்கம் அறியும்.

தமிழ்நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பை, ஆசிரியர்களும் பெற்றோரும் இடதுசாரிகளும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், 2020 பிப்ரவரி 4 அன்று அதிமுக அரசு திரும்பப் பெற்றது. போராடினால் பின்வாங்குவர் என்பதற்கு அதுவே சான்று.

ஆய்வின் முடிவு எங்கே ஆசிரியர் இல்லை, எங்கே நூலகம் இல்லை, எங்கே பள்ளி வாகனம் இல்லை என்பதைக் காட்டட்டும். அங்கே நிதி செல்லட்டும். தோட்டப் பள்ளிகளில் தமிழ்வழி கற்பிக்க நிரந்தர ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். தேறாத குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தல் தருவது அரசின் கடமை. குழந்தைகளை வடிகட்டும் திருத்தத்தை ஒன்றிய அரசு திரும்பப் பெறும்வரை போராட்டம் ஓயக்கூடாது.