கௌபோயின் இருமலும் எங்கள் வீட்டு இருமலும்

வீடியோ கேம் என்றதும் கண், கழுத்து நோ, நித்திரைக் குறைவு பற்றித்தான் டொக்டர் எழுதப் போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். இம்முறை அதுவல்ல. 'றெட் டெட் றிடெம்ப்ஷன் 2' என்ற விளையாட்டின் கதாநாயகனுக்கு வந்த வருத்தத்தைப் பற்றியே எழுதுகிறேன். கதையின் முக்கிய திருப்பத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஆகவே, இன்னும் விளையாடி முடிக்காத இளைஞர்கள் இந்தப் பக்கத்தைப் பிறகு வாசிக்கலாம். பெற்றோர் தொடர்ந்து வாசியுங்கள்.

2018 ஒக்ரோபர் 26இல் றொக்ஸ்ரார் நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டு, 1899ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடக்கும் கதை. பரந்த வெளி, குதிரை, துப்பாக்கி, ரயில் கொள்ளை. கதையின் வழியே போகாமல், விரும்பிய திசையில் குதிரையைத் திருப்பி மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம், சும்மா ஊர் சுற்றலாம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். மெற்றாகிறிற்றிக் தொகுப்பில் 100க்கு 97 புள்ளிகள். 7 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. குறை சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு இலாச்சியையும் கையால் இழுத்துத் திறக்க வேண்டும், குதிரைக்குத் தீன் போட வேண்டும், எல்லாமே ஆமை வேகம் என்றார்கள். (பெட்டியில் 18 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. 12 வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை கெட்ட வார்த்தை பேசுகிறான் என்று என்னிடம் முறையிட வேண்டாம்.)

கதாநாயகன் ஆர்தர் மோர்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள். வட்டிக் கடனைத் திருப்பித் தராத ஒரு வறிய விவசாயியை அவன் அடிக்கிறான். அந்த மனிதர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவர். அடி வாங்கும்போது அவர் இருமிய இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. விளையாடுபவர் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்து போய்விடுவார். பல மணி நேரம் விளையாடிய பின்னர் ஆர்தர் தெருவில் மயங்கி விழ, வைத்தியர் ஒருவர் சோதித்துவிட்டு ரி.பி., அதாவது சயரோகம், என்று சொல்கிறார். வெப்பமான, வறண்ட இடத்துக்குப் போய் ஓய்வெடு என்பதைத் தவிர அவரிடம் வேறு மருந்தில்லை. எவ்வளவு கெட்டித்தனமாக விளையாடினாலும் இதைத் தவிர்க்க முடியாது. அதன்பின் முகம் வற்றி, கண் சிவந்து, இருமி இருமியே கதை முடிகிறது. ஆர்தருக்குக் குரல் கொடுத்து நடித்த றொஜர் கிளார்க் 2018இல் 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதைப் பெற்றார். அந்த இருமலைக் கேட்ட எவரும் விருது தகும் என்றே சொல்வார்கள்.

வைத்தியராக எனக்கு இதில் பிடித்த விடயம், அந்த டொக்டர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரியாக இருப்பதுதான். றொபேட் கொக் 1882இல் ரி.பி. கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ரெப்ரோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட 60 வருடம், நோயின் பெயர் தெரியும், வைத்தியம் தெரியாது. அமெரிக்க மேற்கின் பெயர்பெற்ற துப்பாக்கி வீரர் டொக் ஹொலிடே உண்மையில் ஒரு பல் வைத்தியர். ரி.பி. வந்ததால் வறண்ட காற்றைத் தேடி 1873இல் மேற்கே போனவர். 1887இல் கொலராடோவில் 36 வயதில் இறந்தார்.

பிடிக்காத விடயமும் உண்டு. விளையாட்டு இந்த நோயை ஒரு தண்டனையாக வைக்கிறது. ஏழையை அடித்தான், நோய் வாங்கினான், மனம் திருந்தினான். கதைக்கு அது அழகு. விமர்சகர்கள் அதிகம் புகழ்ந்ததும் அதைத்தான். ஆனால் இதே கதையைத்தான் எங்கள் வீடுகளிலும் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். "என்ன பாவம் செய்தானோ" என்கிறோம். தட்டையும் கோப்பையையும் புறம்பாக வைக்கிறோம். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று வருத்தத்தின் பெயரையே மாற்றிச் சொல்கிறோம். கிருமிக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது. நோயாளியோடு ஒரே அறையில் பல நாள், பல மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசித்தவருக்கே அது பெரும்பாலும் தொற்றுகிறது. தட்டாலும் கோப்பையாலும் தொற்றாது. இன்றைய தாதி ஒருவர் ஆர்தரின் முகாமுக்குப் போயிருந்தால், அவன் யாரை அடித்தான் என்று கேட்டிருக்க மாட்டார். பக்கத்துக் கூடாரங்களில் யார் படுக்கிறார்கள், அந்தச் சின்னப் பையன் ஜாக்கைச் சோதித்தாயிற்றா என்றுதான் கேட்டிருப்பார்.

இது பழைய காலத்து வருத்தம் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: 2023இல் உலகில் ஏறத்தாழ 12.5 இலட்சம் பேர் ரி.பி.யால் இறந்தார்கள். இங்கிலாந்தில் 2024இல் 5,400க்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. முந்திய வருடத்தை விட 13 வீதம் அதிகம். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அதாவது எங்களைப் போன்றவர்கள்.

"விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்றே எடுத்தாயிற்றே டொக்டர்" என்பார்கள். அந்த எக்ஸ்றே அன்றைய நுரையீரலைத்தான் காட்டும். உடலில் உறங்கும் கிருமியைக் காட்டாது. தொற்றியவர்களில் 10 பேரில் 9 பேருக்கு அது வாழ்நாள் முழுக்க உறங்கியே கிடக்கும். மற்றவருக்கு, வருடங்கள் கழித்துக்கூட விழிக்கலாம். நீரிழிவு இருந்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. எங்கள் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது?

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருக்கும் சிலர், ரி.பி. என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து இருமலை மறைக்கிறார்கள். நானும் அகதியாக வந்தவன்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனால் இது தேவையில்லாத பயம். இங்கிலாந்தில் ரி.பி. பரிசோதனையும் சிகிச்சையும் எவருக்கும் இலவசம், விசா நிலை எதுவானாலும். வைத்தியர் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அது கூட இருந்தவர்களைத் தேடிச் சோதிப்பதற்காக. குடிவரவு அதிகாரிகளுக்கான அறிவித்தல் அல்ல.

சிகிச்சை வழமையாக ஆறு மாதக் குளிசை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு இரண்டு. அவற்றில் றிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும், பயந்து நிறுத்தி விடாதீர்கள். சாதாரண ரி.பி. என்றால் இரண்டு கிழமை ஒழுங்காகக் குடித்ததும் மற்றவருக்குத் தொற்றும் நிலை பெரும்பாலும் போய்விடும். உடம்பு தேறிவிட்டதென்று மூன்றாம் மாதம் விட்டுவிடுபவர்களுக்குத்தான் மருந்துக்கு மசியாத ரி.பி. வரக்கூடும்.

மூன்று கிழமைக்கு மேல் இருமல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, காரணமில்லாமல் மெலிதல், கழுத்தில் நோவில்லாத கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் ஜி.பி.யிடம் போங்கள். கடைசியாக ஊருக்குப் போய்வந்த மாதத்தையும், வீட்டில் யாருக்காவது முன்பு இந்த வருத்தம் வந்ததா என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்கும் காசில்லை. பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போக வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் சொல்லத் தயங்கும் விடயங்களும் இருக்கும்.