பிக்சலை வரிக்குச் செலவழிக்காதீங்க

இந்த வாரம் ஒரு சின்ன விஷயம். நிஜமாவே சின்னது: டெர்மினல் எழுத்து.

நான் கோபன்ஹேகனில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். இன்னைக்கு ஒரு கிளையன்ட், அடுத்த மாசம் வேறொருத்தர். அதனால என் ஆபீஸ் என்பது 13.3 அங்குல லேப்டாப்தான். திரை 2560-க்கு 1600 பிக்சல். வாங்கின புதுசில் எழுத்தை 8-க்கு 16 பிக்சலில் வைத்து, 320 காலம், 100 வரி என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன். முழு லாக் ஃபைலும் ஒரே பார்வையில்!

போன குளிர்காலத்தில் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தேன். ஒரு கிளையன்டின் பேக்கப் ஃபோல்டர் பெயர் டேனிஷ் மொழியின் குறுக்குக் கோடு போட்ட 'ஓ'வில் முடியும். கிழக்குக் கிடங்கு என்பதன் சுருக்கம். கிழக்கு என்ற டேனிஷ் சொல் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும். என் ஃபான்டில் சைபருக்கும் அதே மாதிரி குறுக்குக் கோடு. நான் சைபர் என்று படித்தேன், ஸ்கிரிப்டில் சைபர் அடித்தேன். ஸ்கிரிப்ட் சமர்த்தாகப் புது ஃபோல்டர் உருவாக்கிக்கொண்டது. பதினொரு நாள் பேக்கப் தப்பான இடத்துக்குப் போனது. ரீஸ்டோர் பண்ணவேண்டிய ராத்திரியில்தான் தெரிந்தது. டேட்டா போகலை, ஆனா பாதி ராத்திரி போச்சு. தப்பு என்னோடது, அதனால பில்லும் போடலை.

மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் திரையில் அங்குலத்துக்கு சுமார் 227 பிக்சல். 16 பிக்சல் என்றால் 1.8 மில்லிமீட்டர், வரி இடைவெளியும் சேர்த்து. 24 அங்குல சாதாரண முழு எச்டி மானிட்டரில் அதே 16 பிக்சல் 4.4 மில்லிமீட்டர் வரும். அதாவது அதே செட்டிங்கை வைத்துக்கொண்டு எழுத்தைப் பாதிக்கும் கீழே சுருக்கியிருக்கிறேன்.

என் கருத்து இதுதான்: அதிகப் பிக்சல் கிடைப்பது அதிக வரிகளை அடைக்க இல்லை, எழுத்தின் வடிவத்தைத் தெளிவாக்க. 32 பிக்சல் உயரத்துக்குப் போனால் 160 காலம், 50 வரி கிடைக்கும். அது யாருக்குப் போதாது? லினக்ஸ்காரர்களும் இதை உணர்ந்துதான் 2019-இல் வந்த கெர்னல் 5.0-இல் 16-க்கு 32 டெர்மினஸ் ஃபான்டைச் சேர்த்தார்கள்.

அடுத்தது சைபர். கன்சோலாஸ், மென்லோ இரண்டிலும் சைபருக்குக் குறுக்குக் கோடு. ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது வசதி. டென்மார்க், நார்வேயில் அது வம்பு. ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் புரோ இரண்டிலும் நடுவில் புள்ளி. பழைய மங்கலான திரையில் புள்ளி சைபர் எட்டு மாதிரி தெரியும் என்று பயந்தோம். இன்றைய திரையில், ஒழுங்கான அளவில் வைத்தால், அந்தப் பயம் வேண்டாம்.

ஐரோப்பாவில் 1990-லேயே ஒரு சட்ட உத்தரவு வந்துவிட்டது: திரையில் எழுத்து தெளிவாக, போதுமான அளவில், போதுமான இடைவெளியோடு இருக்கணும், தேவைப்பட்டால் கண்ணாடிச் செலவும் முதலாளியுடையது. ஆனா அது ஊழியர்களுக்கு. என்னை மாதிரி தனியாகத் தொழில் பண்றவனுக்கு முதலாளியும் நானே, கண்ணும் என்னோடதே.

அதனால ஒரு வேலை செய்யுங்க. டெர்மினலைத் திறந்து சைபர், பெரிய ஓ, கோடு போட்ட ஓ, எட்டு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்க. கீழ் வரியில் ஒன்று, சின்ன எல், பெரிய ஐ. வழக்கமா உட்காருகிற தூரத்திலிருந்தே பாருங்க. முன்னால குனியவேண்டியிருந்தால் அளவைக் கூட்டுங்க. குனிந்தும் சந்தேகம் வந்தால் ஃபான்டை மாத்துங்க.

சின்ன எழுத்தில் வேலை பார்ப்பது திறமை இல்லைங்க. நான் ஒரு ராத்திரி கூலி கொடுத்துக் கத்துக்கிட்டது. உங்களுக்கு இலவசம்.